எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள்?

1935ஆம் ஆண்டு டி. டி. நைல்ஸ் என்ற இளைஞர் கார்ல் பார்த்தைச் சந்தித்தார். நைல்ஸ் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் பிறந்தவர், மெதடிஸ்த சபைக்காரர், அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பார்த்தோ அன்றைய புரொட்டஸ்டண்ட் உலகமே திரும்பிப் பார்த்த இறையியலாளர். பேச்சு பிற சமயங்களின் பக்கம் போனது. மற்றச் சமயங்கள் எல்லாம் அவிசுவாசமே என்றார் பார்த். நீங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் கேட்டார். ஒருவரையும் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் இந்து சமயம் அவிசுவாசம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? "அ பிரியோரி" என்றார் பார்த். அனுபவத்துக்கு முன்பே, பார்க்காமலேயே தெரியும் என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. தலையை அசைத்துப் புன்னகைத்துக்கொண்டதாகப் பல ஆண்டுகள் கழித்து நைல்ஸ் எழுதினார்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் புன்னகை வரவில்லை. முகம் சுட்டது.

முதுகலைப் படிப்பில் நான் எடுத்துக்கொண்ட தலைப்பு "சைவ சித்தாந்தத்தில் அருள், கிறிஸ்தவத்தில் கிருபை". நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். முப்பதுக்கு மேல் நூல்களைக் காட்டியிருந்தேன், ஏறக்குறைய எல்லாமே ஆங்கில நூல்கள். வாய்மொழித் தேர்வு நடத்த வந்த பேராசிரியை வயதான அம்மையார். என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இதை எந்தச் சைவரிடமாவது காட்டினீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "யாரிடமாவது கேட்டீர்களா?" அதுவும் இல்லை. அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நான் வளர்ந்தது திருநெல்வேலிச் சீமையில். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது தெருவில் சிவன் கோயில். அங்கே தேவாரம் பாடும் ஓதுவார் ஐயாவைப் பள்ளிக்குப் போகும் வழியில் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய நீறு, கையில் தாளம். ஒரு நாளும் நின்று பேசியதில்லை. கார்ல் பார்த்தாவது இந்துக்களே இல்லாத ஊரில் இருந்துகொண்டு முடிவு சொன்னார். நான் நாலாவது தெருவில் இருந்துகொண்டு சொன்னேன்.

கிறிஸ்தவ இறையியல் பிற சமயங்களைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி ஒரு கடல். அதை இங்கே இறைத்துக் காட்ட நான் முயலவில்லை. நைல்ஸின் அந்தக் கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, நான் திரும்பத் திரும்பப் போய் நின்ற இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று தாம்பரம், மற்றொன்று தரங்கம்பாடி.

அதற்கு முன் பார்த்துக்கு நியாயம் செய்துவிட வேண்டும். அவர் அப்படிச் சொன்ன காலத்தை மறந்துவிட்டுப் பேசுவது தவறு. 1934இல் ஜெர்மனியின் பார்மன் நகரில், திருச்சபையின் ஒரே ஆண்டவர் கிறிஸ்து, வேறொரு தலைவனும் அல்ல என்று ஒரு கூட்டம் அறிக்கை வெளியிட்டது. அதைப் பெரும்பாலும் எழுதியவர் பார்த். இனத்திலும் மண்ணிலும் இரத்தத்திலும் கடவுளின் வெளிப்பாட்டைக் காண்கிறோம் என்று ஜெர்மானியக் கிறிஸ்தவர்களில் ஒரு பெரும் பகுதியினர் ஹிட்லரின் பின்னால் போய்க்கொண்டிருந்த நேரம் அது. மனிதர்கள் தாமாகக் கண்டுபிடிக்கும் தெய்வம் எதுவும் வேண்டாம் என்று பார்த் இழுத்துச் சாத்திய கதவு, அந்த வீட்டுக்குள் நுழையவிருந்த கொள்ளைக்காரனைத் தடுத்தது. நைல்ஸைச் சந்தித்த அதே ஆண்டில்தான் பான் பல்கலைக்கழகத்தில் அவருடைய வேலை பறிக்கப்பட்டு, அவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போனார். மதம் என்பதே அவிசுவாசம் என்று அவர் பின்னர் விரிவாக எழுதியபோது, அந்தத் தீர்ப்பு முதலில் கிறிஸ்தவ மதத்தின்மேல்தான் விழுகிறது என்றும் சேர்த்தே எழுதினார். இதையெல்லாம் நான் மதிக்கிறேன். ஆனால் கொள்ளைக்காரனுக்காகச் சாத்திய கதவை அடுத்த வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரேயும் சாத்தலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மூன்றே ஆண்டுகளில் அந்தக் கேள்வி தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது 1937இல். மறு ஆண்டு டிசம்பரில் அந்தப் புதிய வளாகத்தில் அனைத்துலக மிஷனெரி மன்றத்தின் மாநாடு கூடியது. சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்திருக்க வேண்டிய மாநாடு அது. ஜப்பான் சீனாவுக்குள் படையெடுத்துவிட்டதால் இடம் மாற்றினார்கள். சீனப் பிரதிநிதிகளும் ஜப்பானியப் பிரதிநிதிகளும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். ஜப்பானிலிருந்து கிறிஸ்தவத் தலைவர் ககாவா வந்திருந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆல்பர்ட் லுத்துலி வந்திருந்தார். பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர் அவரே. இளைஞர் நைல்ஸும் இருந்தார்.

மின்சார ரயிலில் இறங்கி அந்த வளாகத்துக்குள் நடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். சாலையின் இரு பக்கமும் புதர்க்காடு. எங்கோ ஒரு புள்ளிமான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும். உலகப் போருக்கு எட்டு மாதம் இருக்கும்போது, மற்றச் சமயத்தாரைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்று உலகத்துத் திருச்சபைகள் வந்து வாதாடியது இந்த மரங்களின் கீழேதான்.

மாநாட்டுக்கென்றே ஒரு பெரிய நூலை எழுதித் தந்திருந்தவர் ஹெண்ட்ரிக் கிரேமர். டச்சுக்காரர், பல மொழி அறிந்தவர், ஜாவாவில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர், ஜாவானிய இஸ்லாமிய ஞானநெறியை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். நைல்ஸின் கேள்வியை இவரிடம் கேட்டிருந்தால் கணக்கே சொல்லியிருக்க முடியாது, அத்தனை பேரைச் சந்தித்தவர். ஆனாலும் அவருடைய முடிவு பார்த்தின் முடிவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கிறிஸ்துவில் நடந்த வெளிப்பாடு ஒரு பக்கம், மனிதர்களின் மதங்கள் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. மதங்களில் உயர்ந்தவை உண்டு, அழகானவை உண்டு, ஆனால் அவை அந்த வெளிப்பாட்டை நோக்கி ஏறும் படிகள் அல்ல. இதுதான் சுருக்கம். சந்தித்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு எனக்குக் கிரேமரே சாட்சி. எனக்கு அவருடைய முடிவில் உடன்பாடில்லை. ஆனால் நாஜிகள் நெதர்லாந்தைப் பிடித்தபோது அவர்களை எதிர்த்துச் சிறைப்பட்ட மனிதர் அவர் என்பதையும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

அவருக்கு எதிரே நின்றவர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். இவரைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நீட்டிப் பேசப்போகிறேன், ஏனெனில் இந்தத் துறையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் இவர்.

ஹாக் ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவில் இறையியல் படித்த காலத்தில் அவருடைய விசுவாசமே ஆட்டங்கண்டது. போதகராகும் எண்ணத்தைக் கைவிட்டார். சந்தேகத்தின் அடிவரை போய்த் திரும்பியவர் என்பதால்தான் பிறருடைய விசுவாசத்தைத் தொட்டுப் பேசும்போது அவர் கை அவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். 1903இல் கிறிஸ்தவக் கல்லூரிக்குத் தத்துவ ஆசிரியராக வந்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், கர்மக் கொள்கையையும் கிறிஸ்தவ மீட்பையும் பற்றிக் கல்லூரி இதழில் தொடர் கட்டுரை எழுதினார். 1909இல் அது நூலாயிற்று. அன்று மிஷனெரிகளிடையே செல்வாக்காக இருந்த கருத்து, இந்து சமயத்தின் ஏக்கங்கள் எல்லாம் கிறிஸ்துவில் நிறைவேறுகின்றன என்பது. கேட்க இனிமையான கருத்துதான். ஹாக் அதை ஏற்கவில்லை. இந்துவின் தேடல் வேறு, நாம் கொண்டுவந்திருக்கும் விடை வேறு. அவர் கேட்காத கேள்விக்கு விடை கொடுத்துவிட்டு, உங்கள் தேடல் நிறைவேறியது என்று எப்படிச் சொல்வது? வேறுபாட்டை வேறுபாடாகவே வைத்து முகத்துக்கு முகம் பேசுவோம் என்பது அவருடைய வழி. மரியாதை என்றால் ஒத்துப்போவது என்று நினைக்கிறவர்கள் ஹாக்கைப் படிக்க வேண்டும். அவர் கர்மக் கொள்கையை நேரடியாக விமர்சித்தார். ஆனால் அதை ஆராயாமல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்த வகுப்பில் திருத்தணியிலிருந்து வந்த ஒரு மாணவர் உட்கார்ந்திருந்தார். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். மிஷனெரி ஆசிரியர்கள் இந்து சமயத்தின்மேல் வைத்த விமர்சனம் தம்மைத் தைத்தது என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு விடையாகவே அவர் தம் முதுகலை ஆய்வேட்டை எழுதினார். அது 1908இல் அச்சாயிற்று. அதைப் படித்த ஹாக் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். மாணவனின் தத்துவத் தெளிவைப் பாராட்டிச் சான்று எழுதிக் கொடுத்தார். தம் சமயத்தின் நிலைப்பாட்டுக்கு எதிராக எழுதப்பட்ட ஆய்வேட்டுக்கு! தாம்பரம் மாநாடு நடந்தபோது அந்த மாணவர் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான பேராசிரியராக இருந்தார்.

மாநாட்டுக்கு ஹாக் எழுதிய கட்டுரையின் உயிர்நாடி ஓர் எழுத்தில் இருக்கிறது. கிறிஸ்தவம் அல்லாத சமயங்கள் என்று பன்மையில் சொல்வது வேறு, கிறிஸ்தவர் அல்லாதவரின் விசுவாசம் என்று ஒருமையில் சொல்வது வேறு என்றார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், பன்மை விகுதி ஒன்றுதான் வேறுபாடு. தமிழில் நமக்கு இந்தச் சிரமமே இல்லை. சமயம் ஒரு சொல், விசுவாசம் வேறொரு சொல். சமயம் என்பது கொள்கைகளின் கட்டு. அதை விமர்சிக்கலாம், மறுக்கலாம். விசுவாசம் என்பது ஒரு மனிதர் கடவுளைப் பற்றிக்கொண்டு நிற்கும் நிலை. அதன்முன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்க வேண்டும். கிறிஸ்துவைத் தம் ஆண்டவராக ஏற்காத, முழுக்க இந்துக் கருத்துகளையே கொண்ட சிலருடன் தாம் பழகியிருப்பதாகவும், கடவுளுக்குள் மறைந்திருக்கும் வாழ்வு அவர்களுக்கு அந்நியமானது அல்ல என்பது வெளிப்படையாகத் தெரிந்ததாகவும் ஹாக் எழுதினார். முப்பத்தைந்து ஆண்டு சென்னையில் வாழ்ந்த ஒருவரின் சாட்சி அது. நைல்ஸின் கேள்விக்கு, கேட்காமலே வந்த பதில்.

கிரேமரின் நூல்தான் அந்த மாநாட்டைக் கட்டியாண்டது, அதன் பின்னும் பல ஆண்டு ஆண்டது. ஹாக்கின் கட்டுரை தொகுதி ஒன்றில் அச்சாகி, நூலகத் தட்டில் அமர்ந்துகொண்டது.

அதே 1938இல், மாநாட்டுக்கு முன்னதாகவே, சென்னைக் கிறிஸ்தவர்கள் சிலர் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். அவர்களில் வெங்கல் சக்கரை வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், பின்னர் சென்னை மேயர். செஞ்சையா புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். இருவரும் இந்துக் குடும்பங்களில் பிறந்து கிறிஸ்தவரானவர்கள். கிரேமரின் வாதத்துக்கு அவர்கள் சொன்ன மறுப்பில் ஒன்று என்னை இன்றும் விடவில்லை. இந்து சமயத்தைத் தன்னை வளர்த்த ஆன்மிகத் தாயாகவே இன்றைய கிறிஸ்தவர் கருதுகிறார் என்று செஞ்சையா எழுதினார். ஐரோப்பாவிலிருந்து பார்க்கும்போது "பிற சமயம்" என்பது கடல் தாண்டிக் கிடக்கும் ஏதோ ஒன்று. நமக்கு அது பாட்டி வீடு. என் கொள்ளுப்பாட்டி ஞானஸ்நானம் பெறுவதற்கு முன் எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாள் என்பது எங்கள் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் இல்லை. புதுப் பெயர் மட்டும்தான் மையில் எழுதியிருக்கிறது. அந்தப் பழைய பெயரோடு அவள் யாரை வேண்டினாள் என்று எந்த இறையியல் வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சொற்களைப் பற்றிப் பேசினேன் அல்லவா, இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். பிற சமயத்தோடு கிறிஸ்தவ இறையியலின் உறவு என்னவென்று ஆராயப் பெரிய நூலகம் எதுவும் வேண்டாம். தமிழ் வேதாகமங்களை வரிசையாக எடுத்து, கடவுளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்த்தால் போதும். கத்தோலிக்கரிடமிருந்து புரொட்டஸ்டண்ட் மிஷனெரி சீகன்பால்க் சர்வேசுரன் என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்ரிசியஸ் பராபரன் என்று வைத்தார். அதே நூற்றாண்டில் தாயுமானவர் கண்ணிக்குக் கண்ணி பராபரமே என்று அழைத்துக் கசிந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். பவர் ஐயரின் குழு 1871இல் தேவன் என்று மாற்றியது. இன்று கத்தோலிக்கர் கையில் இருக்கும் திருவிவிலியத்தில் கடவுள். எங்கள் கோயிலில் கிருபை, விசுவாசம் என்றால், அவர்கள் கோயிலில் அருள், நம்பிக்கை. (நெல்லைச் சீமைச் சபைகளில் தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும் சொல்வதுதான் வழக்கம். இதுவும் ஓர் இறையியல்தான்.) ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தவர், அதை ஏற்கெனவே வைத்திருந்த சைவரிடமோ வைணவரிடமோ கடன் வாங்கத்தான் வேண்டியிருந்தது. கடன் வாங்கிய வீட்டை அவிசுவாசம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இனி தரங்கம்பாடி.

பர்த்தலோமேயு சீகன்பால்க் ஜெர்மனியின் புல்ஸ்நிட்ஸ் ஊர்க்காரர். டென்மார்க் அரசர் அனுப்ப, புளூட்சோ என்ற தோழருடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வயது இருபத்து மூன்று. வந்த புதிதில் அவர் செய்த ஒரு காரியத்தை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஊர்ப்புறத்துக் கோயில் ஒன்றில் மண் உருவங்களைக் கண்டு, சிலவற்றைத் தள்ளிவிட்டார்கள், சிலவற்றின் தலையைத் தட்டி உடைத்தார்கள். இவை ஒன்றும் செய்ய வல்லவை அல்ல என்று காட்டுவதற்காக. அப்போது அங்கே வந்த தமிழர் ஒருவர், இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் போர்வீரர்கள் என்று சொன்னார்.

அந்தக் காட்சியில் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். உடைந்த சுடுமண் தலை தரையில் கிடக்கிறது. உடைத்தவருக்கு அது என்னவென்றே தெரியாது. அந்த ஊர்க்காரருக்கு ஆத்திரம் வந்திருக்கும், வராமல் இருக்காது. ஆனால் அவர் ஐரோப்பியனுக்குப் பாடம் சொன்னார். ஐயனாரின் எல்லையில் நிற்கும் காவல் வீரனைத் தெய்வம் என்று நினைத்துக்கொண்டாயே என்பதுதான் அந்தப் பாடம். தமிழ்ச் சமயத்தைப் பற்றிப் புரொட்டஸ்டண்ட் இறையியல் கேட்ட முதல் பாடங்களில் அது ஒன்று. சொன்னவரின் பெயர் நமக்கு வரவில்லை.

சீகன்பால்க் அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை, அதுதான் அவர் பெருமை. வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டுக்கே பள்ளியோடு வரவழைத்து, சிறுபிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பல்கலைக்கழகம் பார்த்த ஐரோப்பியர், ஐந்து வயதுப் பையன்களின் வரிசையில். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று குறிப்பு எழுதிப் பட்டியல் தயாரித்தார். அதே 1708இல் நீதிவெண்பாவையும் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர்களைக் காட்டுமிராண்டிகள் என்று ஐரோப்பாவில் எண்ணுகிறார்கள், மொழி தெரியாமல் வெளிப்பார்வையால் வரும் எண்ணம் அது என்று எழுதினார். ஊர் ஊராகக் கடிதம் அனுப்பித் தமிழர்களிடம் அவர்கள் சமயத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார். வந்த பதில்களில் தொண்ணூற்றொன்பது கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சாயின. கிறிஸ்தவர்கள் மாட்டைக் கொன்று தின்கிறார்கள், குடிக்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை, இவர்கள் சொல்லும் நெறியை இவர்களே நடக்காதபோது நாங்கள் எப்படி ஏற்பது என்று அவற்றில் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார்கள்.

1713இல் அவர் எழுதி முடித்தது தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி. பராபரவஸ்து என்ற முழுமுதற் பொருளில் தொடங்கி, மும்மூர்த்திகள், கிராம தேவதைகள், தேவர்கள் என்று போகிறது. ஐயனாருக்கும் மாரியம்மனுக்கும் எல்லம்மனுக்கும் அங்காளம்மனுக்கும் பிடாரிக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன் மண்தலையைத் தட்டியவர், இப்போது அந்த வீரர்கள் யாருக்குக் காவல், எந்த நாளில் என்ன படையல் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்.

கையெழுத்துப் படி ஹாலேக்குப் போனது. அங்கே அவருடைய ஆசானும் புரவலருமான ஃபிராங்கே அதை அச்சிடவில்லை. புறச்சமயத்தை வேரறுக்கத்தான் மிஷனெரிகளை அனுப்பினோம், அந்த மூடத்தனத்தை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அங்கிருந்து வந்த மறுமொழியாகச் சொல்லப்படுகிறது. சீகன்பால்க் 1719இல் முப்பத்தாறு வயதில் தரங்கம்பாடியிலேயே இறந்தார். அந்த நூல் 1867இல் சென்னையில்தான் முதன்முதலில் அச்சேறியது, கெர்மன் என்ற இன்னொரு மிஷனெரியின் முயற்சியால். 154 ஆண்டுகள். தமிழரின் சமயத்தைப் பற்றி அவர் 1711இல் எழுதிய மற்றொரு பெரிய நூல் 1926இல்தான் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது.

சீகன்பால்கை நான் புனிதராக்கவில்லை. அவர் மதம் மாற்றவே வந்தார், கடைசிவரை அதைத்தான் விரும்பினார். அறிந்துகொண்டது வெல்வதற்காகத்தானே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். வெல்வதற்காகப் படிக்கத் தொடங்கியவரைப் படிப்பு தன் வழிக்கு இழுத்துக்கொண்டு போனது. தரங்கம்பாடியில் இருந்தவருக்கு ஐயனார் ஒரு முகமாகத் தெரிந்தார். ஹாலேயில் இருந்தவருக்கு அது வெறும் மூடத்தனமாகத் தெரிந்தது. நைல்ஸின் கேள்வியை இருநூற்றுச் சொச்சம் ஆண்டுக்கு முன்பே ஃபிராங்கேயிடம் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

இந்தத் துறை இன்று எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் இருப்பவை எவற்றையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்தது. உலகத் திருச்சபைகள் மன்றம் பல்சமய உரையாடலுக்குத் தனித் துறை வைத்தது. யாழ்ப்பாணத் தமிழரான வெஸ்லி அரியராஜா அதை நடத்தினார். "என் அயலவர் இல்லாமல் இல்லை" என்று பொருள்படும் தலைப்பில் நூலும் எழுதினார். அமெரிக்க இயேசு சபைத் துறவி ஃபிரான்சிஸ் குளூனி, சென்னையில் தங்கி ஆசான்களிடம் பாடம் கேட்டுத் திருவாய்மொழியை உரைகளோடு படித்து, அதன் அருகில் வேதாகமத்தின் உன்னதப்பாட்டை வைத்துப் படிக்கிறார். முடிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் நூலின் கீழ் உட்கார் என்பது அவருடைய முறை. மணலில் விரல் வைத்த அதே முறை.

தேர்வு முடிந்த அடுத்த விடுமுறையில் நான் நாலாவது தெருவுக்குப் போனேன். ஓதுவார் ஐயாவுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். இன்னார் மகன் என்றதும், "கோயில்பிள்ளை வீட்டுப் பேரனா? உட்காருங்கள் தம்பி" என்றார். என் ஆய்வேட்டில் அருளைப் பற்றி எழுதிய பகுதியை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். நான் அருளை ஒரு பொருளைப்போல எழுதியிருந்தேன், இறைவன் தருவது, ஆன்மா பெறுவது என்று. "கொடுப்பதற்கு அது கையில் இருக்கிற பழம் இல்லையே தம்பி. சூரியன் வெளிச்சத்தைக் கொடுக்கிறது என்றா சொல்வோம்? சூரியன் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது" என்றார். பிறகு, "உங்கள் வேதத்தில் கிருபை என்றால் எப்படி?" என்று கேட்டார். நாற்பது பக்கம் எழுதிய எனக்கு, அவருக்குச் சொல்ல நாலு வரி தமிழ் உடனே வரவில்லை. நெடுநேரம் யோசித்து, ஊதாரிப் பிள்ளை திரும்பி வந்த கதையைச் சொன்னேன். தகப்பன் தூரத்திலேயே கண்டு ஓடிவந்தான் என்ற இடத்தில் அவர் கண்ணைத் திறந்தார். "ஓடியா வந்தார்? பெரிய மனிதர், வயதானவர், ஓடியா?" ஆமாம் ஐயா, ஓடித்தான் வந்தார் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

அதன்பின் ஆறு வாரம் சாயங்காலந்தோறும் போனேன். அவர் கர்மத்தை விட்டுக்கொடுக்கவில்லை, நான் சிலுவையை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு நாள் வாதம் சூடாகி நான் விடைபெறாமலே எழுந்துபோய்விட்டேன்; மறுநாள் போனபோது அவர் மனைவி இரண்டு தம்ளர் காபியோடு வந்தார்.

கடைசி நாளன்று, உங்கள் கோயில் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேட்டார். எனக்குப் பெரிய குரல் கிடையாது. பாட்டி பாடிக் கேட்ட "சத்தாய் நிஷ்களமாய்" நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிக்குப் பக்கத்துக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடியது. இரண்டாவது அடி பாடிக்கொண்டிருக்கும்போதே ஓதுவார் ஐயாவின் கை தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டது. நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார். முடித்ததும் அவர் வாயைத் திறந்தார். அதே நடை, அதே ஓட்டம். சுந்தரர் திருமழபாடியில் பாடிய "பொன்னார் மேனியனே". பதிகம் முழுவதையும் பாடினார். நடுவில் எங்கோ ஓர் இடத்தில், எனக்குச் சொல் தெரியாமலே, நானும் கூடச் சேர்ந்து முனகிக்கொண்டிருந்தேன்.

"யார் பாடியது என்றீர்கள்?" என்று கேட்டார்.

கிருஷ்ணபிள்ளை, கரையிருப்பு என்றேன்.

"நம் ஊர்ப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைச் செல்லத்தை என் பக்கம் நகர்த்தினார்.